தொட்டிக்கு ஊற்றிய பால்

அன்றைக்குத் திருக்கோகர்ணத்து வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவதுதான் ஒழுங்கு. ஏனென்றால் பொழுது சாய்வதற்குள் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் இடம் மாறிவிடப் போகிறார்கள்.

கூடத்தில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான் உண்டு. அதில் சேவுகன். ஆவுடையார்கோவிலிலிருந்து பேச வந்தவர்; மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. வெற்றிலைத் தட்டு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எதிர்ப் பெஞ்சில் வீட்டுக்காரர் ரெங்கசாமி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. அதே பெஞ்சின் மறுகோடியில், வாசலை ஒட்டி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி மாப்பிள்ளை சோலையப்பன். சுவரோரப் பாயில் அவன் தாயார் ராக்காயி. சமையற்கட்டு நிலையில் சாய்ந்து, ஒரு காதைக் குழம்பிலும் ஒரு காதைக் கூடத்திலும் வைத்துக்கொண்டு, ரெங்கசாமியின் மருமகள் ராசாத்தி.

ஆறாவது ஆள் அமராவதி. ரெங்கசாமியின் மகள். அன்றையப் பேச்சே அவளைப் பற்றித்தான். ஆனால் கூடத்தில் அவளுக்கு இடமில்லை. பக்கத்து அறையில், கதவுக்குப் பின்னால், ஜன்னலோரமாகக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். காது கதவுப் பக்கம். கண் ஜன்னல் பக்கம். ஜன்னலுக்கு வெளியே கொல்லை. கொல்லையில் தொட்டி.

இரண்டாவது பிரசவத்துக்கென்று பிறந்த வீட்டுக்கு வந்தவள் அமராவதி. முதல் பிள்ளையைப் போலவே இதுவும் தங்கவில்லை. உடம்பு தேறிப் புருஷன் வீட்டுக்குப் புறப்பட இருந்த நேரத்தில்தான் அங்கேயிருந்து அந்தச் செய்தி வந்தது. சோலையப்பனுக்கு இரண்டாம் தாரம் பார்க்கிறார்களாம். பெரியப்பா பேச்சை எடுத்தாராம்; தாயார் தலையை ஆட்டினாளாம். சோலையப்பன்? அவன் அங்கேதான் இருந்தானாம். வாயே திறக்கவில்லையாம்.

பேச்சு எடுத்தவரையும் தலையாட்டியவளையும் அமராவதி என்றைக்கோ மன்னித்துவிட்டாள். அந்த வாய் திறக்காததைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. கட்டிய மூட்டையை அவிழ்த்து வைத்தாள். அதற்கப்புறம் இரண்டு ஆனி வந்துவிட்டது.

"போனது போகட்டும் சம்பந்தி," என்றார் சேவுகன். "பிள்ளை தங்கல. அது யாரு குத்தமும் இல்ல. பொண்ணு இங்கிட்டு, மாப்பிள்ளை அங்கிட்டுன்னு எத்தனை நாளைக்கு? மூணு மணி பஸ்ஸுக்குப் பொண்ணைக் கெளப்பிவிடுங்க."

"ரெண்டாம் தாரம் பேசினீகளே, அது?"

"வீடுன்னா நாலும் பேசுவாக. பேசினதெல்லாம் நடந்துருதா?"

"நடந்தா இப்ப செயிலு. சட்டம் வந்திருச்சு, தெரியும்ல?"

"சட்டம் டவுனோட நின்னுக்கும் சம்பந்தி. எங்க ஊருக்கு பஸ்ஸே ஒழுங்கா வர்றதில்ல."

ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரெங்கசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. பெஞ்சின் கோடியைப் பார்த்துத் திரும்பினார்.

"மாப்பிள்ளை என்ன சொல்றாக?"

கதவுக்குப் பின்னால் அமராவதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சோலையப்பன் துண்டின் ஓரத்தை விரலில் சுற்றினான். பிரித்தான்.

"அதான் பெரியப்பா சொல்றாகல்ல..."

அமராவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தத் தொட்டி கருங்கல் தொட்டி. மாடு இருந்த காலத்தில் அரிசி கழுவிய நீரும் சோறு வடித்த கஞ்சியும் அதில்தான் போகும். மாட்டை விற்ற பிறகு சும்மா கிடந்தது. இந்த வீட்டில் தானும் அப்படித்தான் கிடக்கிறோம் என்று தோன்றிய ஒரு நாளில், குளத்தங்கரையில் காய்ந்து கிடந்த தாமரைக் கிழங்கு ஒன்றை எடுத்துவந்து அதில் ஊன்றினாள்.

லேசில் வசப்படவில்லை. முதல் வருஷம் எருவைப் போட்டாள். தண்ணீர் பச்சைக் குழம்பாகி நாறியது. அடுத்தாற்போல் வெள்ளிக்கு வெள்ளி தண்ணீரை இறைத்துவிட்டுத் தொட்டியைத் தேங்காய் நாரால் பளபளவென்று தேய்த்தாள். செடி கோபித்துக்கொண்டு கருகியது. குடம் விளக்கும் கைக்குத் தெரிந்த சுத்தம் வேறு, தண்ணீருக்கு வேண்டிய சுத்தம் வேறு என்று அவளுக்குப் பிடிபடவே நாளாயிற்று.

பிறகு தேய்ப்பதை விட்டாள். அடியில் குளத்துக் களிமண், அதன்மேல் ஆற்று மணல். ஒரு மூலையில், தண்ணீருக்கு மூச்சுத் தர, வேலம்பாசிக் கொடி. கொசுப்புழுவைத் தின்ன நாலு கெண்டைப்பொடி. பாதிக்குமேல் இலை படர்ந்து நிழல் தரவேண்டும். தந்தால் தண்ணீர் கொதிக்காது, பாசியும் பிடிக்காது. வெயிலில் வற்றியதற்கு, முதல் நாளே இறைத்து வைத்த தண்ணீரைச் சாயங்காலம் மெல்ல விடவேண்டும். பழுத்த இலையைக் கிள்ளினாலும் நீர்மட்டத்துக்கு மேலேதான் கிள்ளவேண்டும். தண்டு குழாய் மாதிரி, கீழே கிள்ளினால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கிழங்கு அழுகிவிடும். மலேரியாவுக்கு மருந்து அடிக்க வந்தவர்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு புழுகூட இல்லையே!" என்று சொல்லிப் போனார்கள். அன்றைக்கு அமராவதி இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டாள்.

இன்று காலையில் முதல் பூ மலர்ந்திருந்தது. விடிந்தும் விடியாததுமாகக் கொல்லைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கழுநீர் நாறிய கல்லுக்குள்ளிருந்து, முழ உயரத் தண்டின் நுனியில், அத்தனை இதழ்! உள்ளே மஞ்சளாக ஒரு பொகுட்டு. அதைச் சுற்றித் தேனீ ஒன்று, வந்த வேலை மறந்து வட்டமடித்தது. தன் கை செய்தது என்று அமராவதியால் நினைக்க முடியவில்லை. தொடக்கூடத் தோன்றவில்லை.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய ராக்காயியும் அதைத்தான் முதலில் பார்த்தாள். கால் கழுவக் கொல்லைக்கு வந்தவள் தொட்டியைக் கண்டதும் கும்பிட்ட கையோடு நின்றாள்.

"ஆத்தா, மகாலெச்சுமி! வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

கையில் தூக்குச்சட்டி நிறையப் பால். வீட்டுப் பசு கன்று போட்டு வந்த பால். சம்பந்தி வீட்டுக்கென்று ஆடாமல் அசையாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. மூடியைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அத்தனையையும் தொட்டியில் ஊற்றினாள். மாடத்திலிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் அள்ளித் தூவினாள். முடிந்துவைத்திருந்த நாட்டுச் சர்க்கரையையும் போட்டாள்.

ஜன்னலில் நின்ற அமராவதியின் கை பாதி உயர்ந்தது. 'வேண்டாம் அத்தை' என்ற இரண்டு சொல் நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு வருஷம் கழித்து வாசல் ஏறிய மாமியார், சாமி என்று நினைத்துச் செய்கிறாள், அதைப்போய்த் தடுப்பதா? கையைக் கீழே போட்டாள்.

இப்போது, கூடத்தில் பேச்சு நீண்டு வெயில் உச்சியைத் தாண்டிய நேரத்தில், அவள் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துத் தொட்டியைப் பார்த்தாள்.

தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி நுரை கட்டியிருந்தது. இலைகளுக்கு நடுவே வட்டம் வட்டமாக, குட்டிக் குட்டி வாய்கள். கெண்டைப்பொடிகள் அத்தனையும் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, திறந்து, மூடி, திறந்து. ஒன்று மல்லாந்து வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது.

அமராவதி எழுந்தாள். கதவைத் திறந்தாள். பெரியவர்கள் உட்கார்ந்திருந்த கூடத்தின் நட்டநடுவே நடந்து போனாள்.

"எங்க போற?" என்றார் சேவுகன். "ஒன்னைப் பத்தித்தானே பேசிக்கிட்டிருக்கோம்?"

"பேசுங்க மாமா. தொட்டியில மீனு சாகுது."

"மீனா? இங்க குடும்பம் பிரியுமா சேருமான்னு பாத்துக்கிட்டிருக்கு, இவளுக்கு மீனாம்!"

பாயிலிருந்த ராக்காயி துணுக்குற்றாள். "எந்தத் தொட்டி? நான் பாலு ஊத்துனதா? சாமிக்கு ஊத்துன பாலு எப்படிடி கெடுதி பண்ணும்?"

"சாமிக்கு ஒண்ணும் ஆகல அத்தை. மீனுக்குத்தான் மூச்சு முட்டுது."

கொல்லையில் புளித்த வாடை வந்தது. அமராவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மல்லாந்து செத்திருந்ததை எடுத்து வாழையடியில் போட்டாள்; மற்ற மீன்களை அரிசி களையும் அரிகூடையால் ஒவ்வொன்றாக அள்ளிக் குளியல் தொட்டியில் விட்டாள். அதில் நேற்றே இறைத்த தண்ணீர் இருந்தது. பிறகு செம்பை எடுத்துத் தாமரைத் தொட்டியின் வெள்ளைத் தண்ணீரை வாழையடியில் மொண்டு கொட்டத் தொடங்கினாள். தொட்டி பெரிது. செம்பு சின்னது.

பின்னால் கிணற்று ராட்டினம் சத்தம் போட்டது. திரும்பினாள். சோலையப்பன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, துண்டை இடுப்பில் வரிந்து, தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். யாரும் கூப்பிடவில்லை.

குடத்தைத் தூக்கிவந்து தொட்டி விளிம்பில் சாய்க்கப் போனான்.

"அப்படியில்ல," என்றாள். அவனிடம் நேராகப் பேசி இரண்டு வருஷம். "கெணத்துத் தண்ணி மூச்சில்லாம இருக்கும். தோள் ஒசரத்துலேருந்து ஊத்துங்க. விழுறப்பக் காத்தச் சேத்துக்கிட்டு விழணும்."

அவன் தோளுக்கு உயர்த்தி ஊற்றினான். தண்ணீர் வெள்ளிக் கம்பியாக இறங்கி நுரைத்தது. தெறித்த வேகத்தில் பூத்தண்டு ஆடி வளைந்தது.

"ஐயோ, பூவு ஒடிஞ்சிரும்!" என்று ஓடிவந்தாள் ராக்காயி. இரண்டு கையாலும் தண்டைப் பிடித்துக்கொண்டாள். பச்சைப்பிள்ளையின் கழுத்தைத் தாங்குகிற பிடி அது. அமராவதி அதைப் பார்த்தாள். பார்வையை எடுத்துக்கொண்டு செம்பைத் தண்ணீருக்குள் அழுத்தினாள்.

அவள் மொள்ள, அவன் ஊற்ற, கலங்கல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துவந்தது. அப்போதுதான் ராக்காயி அடங்கிய குரலில் கூப்பிட்டாள்.

"அமராவதி. என் கைக்கு மேல என்னமோ ஏறுது. என்னன்னு பாரு."

தண்ணீரிலிருந்து ஒரு பூச்சி தண்டில் ஏறிக்கொண்டிருந்தது. சேற்று நிறம். ஆறு கால். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ராக்காயியின் விரல்மேலேயே கால் வைத்துத் தாண்டி, சற்று மேலே போய் நின்று, தண்டை இறுகப் பிடித்துக்கொண்டது.

"தண்ணிப்பூச்சி அத்தை. கடிக்காது. தட்டிவிடவா?"

"இரு, இரு. அதுக்கு என்னமோ ஆகுது."

பூச்சியின் முதுகு வெடித்தது. நகத்தால் கீறினாற்போல் ஒரு கோடு, கோடு அகன்றது. உள்ளேயிருந்து வெளிறிய ஒன்று பிதுங்கியது. முதலில் முதுகு. பிறகு தலை. தலை என்றால் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய கண். பிறகு கால்களை ஒவ்வொன்றாக, இறுக்கமான சட்டையிலிருந்து கையை உருவுவதுபோல் உருவிக்கொண்டு, பின்னால் சாய்ந்து அசையாமல் கிடந்தது.

"செத்துப்போச்சா?" என்றாள் ராக்காயி. தாமரைத் தண்டின் சொரசொர முள் அவள் உள்ளங்கையில் பதிந்திருந்தது. கையை அசைக்கவில்லை.

சோலையப்பன் குடத்தைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

கொல்லை வாசலில் சேவுகனின் குரல் முன்னால் வந்தது. ஆள் பின்னால் வந்தார். "மூணு மணி பஸ்ஸு போயிரும்! பொம்பளையும் ஆம்பளையுமா இங்க என்ன..."

"சத்தம் போடாதீக," என்றாள் ராக்காயி.

கல்யாணமாகி வந்த நாள் முதல் புருஷனுக்கு மூத்தவர் முன்னால் ராக்காயி நிமிர்ந்து நின்றதில்லை. நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வாள். இன்றைக்குத் தலைமுக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் சொன்னாள். "பஸ்ஸு போனா இன்னொண்ணு வரும். இத வந்து பாருங்க."

சேவுகன் வாயில் வெற்றிலையோடு வந்து குனிந்தார். குனிந்தவர் குந்தி உட்கார்ந்துவிட்டார். ரெங்கசாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து குழம்பு தீய்ந்த வாடை வந்தது. ராசாத்தி அதைவிட்டு இங்கே வந்து நின்று வெகு நேரமாகியிருந்தது.

செத்ததென்று நினைத்தது ஒரு துள்ளலில் நிமிர்ந்து, தன் பழைய தலையையே பிடித்துக்கொண்டு, வாலை முழுசாக வெளியே இழுத்தது. முதுகில் ஈரத் துணியைக் கசக்கி ஒட்டினாற்போல் நாலு பொட்டலம். அவை விரிந்தன. ஊதியது யார், இழுத்தது யார் என்று தெரியவில்லை. சுருக்கம் ஒவ்வொன்றாக நீங்கி நீண்டு, மூக்குக்கண்ணாடிச் சில்லைவிட மெல்லிய நாலு இறக்கை. வெளிறிய உடம்பில் இளம்பச்சை ஏறியது. வெயில் பட்டபோது அதற்குள் நீலம் ஓடியது.

"ஊசித்தட்டான்!" என்றார் சேவுகன், பஞ்சாயத்துக் குரல் போய்க் குழந்தைக் குரலில். "தட்டான் தண்ணிக்குள்ளேருந்தா வருது? ஆகாசத்துலயே பொறந்து ஆகாசத்துலயே போயிரும்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

"நானும் பாத்ததில்லியே," என்றார் ரெங்கசாமி.

யாருமே பார்த்ததில்லை. வயலிலும் வாய்க்காலிலும் தட்டானோடு வளர்ந்த ஆறு பேர், அது பிறப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

இறக்கை ஒருமுறை நடுங்கியது. மறுமுறை நடுங்கியபோது தண்டில் வெறும் கூடு மட்டும் இருந்தது. தட்டான் ராக்காயியின் நெற்றிக்கு மேலே ஒரு கணம் நின்று, மதிலைத் தாண்டிப் போயிற்று. அவள் அண்ணாந்தபடியே இருந்தாள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"இந்தப் பூச்சிய ஒனக்கு முன்னமே தெரியுமா புள்ள?"

"தெரியும் அத்தை. மீன்குஞ்சைத் தின்னுதுன்னு எடுத்து வெளிய எறிவேன்."

"எறிஞ்சதெல்லாம் இதுவா?"

"இதுதான் போல."

இருவரும் காலியான கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ராக்காயி தண்டை மெல்ல விட்டாள்.

"நான் பாலு ஊத்துனது தப்பா?"

"தண்ணிக்குப் பாலு செரிக்காது அத்தை."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அமராவதி செம்பைக் கீழே வைத்தாள். மாமியார் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் உறைத்தது. ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் மாமியார் முகம் சுண்டியிருக்கும், அவ்வளவுதான். சொல்லாததற்கு, வாழையடியில் வெள்ளை வயிற்றோடு கிடந்த அந்த மீன்தான் விலை.

குளியல் தொட்டியில் மற்ற மீன்கள் அடியில் இறங்கி நீந்தத் தொடங்கியிருந்தன.

மூணு மணி பஸ் போயே போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குப் புறப்படும்போது சேவுகன் பழைய குரலைத் தேடி எடுத்துக்கொண்டார். "அப்ப, பொண்ணு வருதா இல்லையா? முடிவு?"

"அவ எழுதட்டும்," என்றாள் ராக்காயி, இந்தத் தடவை சுவரைப் பார்த்து.

சோலையப்பன் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியாக இறங்கினான். படியில் நின்று திரும்பினான். அமராவதி நிலைவாசலில் நின்றாள்.

"மீனு பொழச்சுக்குமா?"

"விடியுமட்டும் தாங்கிருச்சுன்னா பொழச்சுக்கும்."

இன்னும் ஏதோ சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தெருவில் இறங்கினான். குடம் தூக்கிய தோள் சிவந்திருந்தது. நல்ல மனுஷன். குடம் தூக்கச் சொன்னால் நூறு தூக்குவான்.

அவர்கள் தெருமுனை திரும்புமுன்பே அமராவதி அண்ணன் மேஜையிலிருந்த மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாப்பிள்ளைக்கு எழுதுறியாம்மா?" என்றார் ரெங்கசாமி.

"இல்லப்பா. அத்தைக்கு."

"அவுகளுக்கு எழுத்து தெரியாதே?"

"அந்த வீட்டுல வாசிக்கத் தெரிஞ்சவுக ஒருத்தர்தானே இருக்காக? அவுக வாசிச்சுக் காட்டட்டும்."

ரெங்கசாமி மகளை ஒருமுறை பார்த்தார். விளக்கை ஏற்றி அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

*அன்புள்ள அத்தை அவர்களுக்கு அமராவதி எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். நீங்கள் சௌகரியமாய் ஊர் போய்ச் சேர்ந்த விவரம் தெரியவேண்டும். உங்கள் உள்ளங்கைக்கு எண்ணெய் போடவும்.*

*நீங்கள் பால் ஊற்றியபோது வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். மரியாதை என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். சும்மா இருந்ததில் உயிர் போயிற்று. தப்பு உங்களுடையதல்ல, என்னுடையது.*

*எனக்கு அங்கே வர விருப்பம்தான். உங்கள் மேலும் மாமா மேலும் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டாம் தாரம் பேசிய அன்று, வேண்டாம் என்று சொல்லவேண்டியவர் ஒருவர் சும்மா இருந்தார். இன்றைக்கும் சும்மா இருந்தார். அவர் தன் வாயால் ஒரு வார்த்தை சொன்னால், மறுநாள் முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். சொல்லாவிட்டால் இனிமேல் யாரும் பேச வரவேண்டாம்.*

*அத்தை, அவர் இப்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதை வாசித்துக்கொண்டிருக்கிறார். இது கடைசி வரி. வாசித்து முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்து நீங்களே கேளுங்கள்.*

மை காயும்வரை ஊதினாள். மடித்து உறையில் வைத்தாள். பசை இல்லை, ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, கட்டை விரலால் ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு தானே கிளம்பினாள்.

கோயில் தெரு முனையில் தபால்காரர் பிச்சைமுத்து பெட்டியைத் திறந்து, கடைசி எடுப்புக்குக் கடிதங்களைப் பைக்குள் அள்ளிக்கொண்டிருந்தார். நீட்டிய உறையை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் மேல்விலாசத்தைப் படித்தார்.

"ஆவுடையார்கோவிலா? ராக்காயி அம்மாள்... இப்பவே அனுப்பணுமா தாயி, இல்ல யோசிச்சுட்டு நாளைக்குப் போடுறியா? ஈரம்கூடக் காயலையே, ஒட்டுனது."

"இப்பவே போகட்டும்ணே."

பிச்சைமுத்து உறையைப் பைக்குள் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்துக் கட்டினார். சைக்கிளில் ஏறி, ரயில் ஸ்டேஷன் பக்கம் மிதித்துக்கொண்டு போனார்.